பேண்டமைம் விளம்பர அட்டைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விக்டோரியா காலத்து இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பேண்டமைம் நாடகங்களுக்காக வண்ணத்தில் அச்சடித்து, கண்டவர் கையிலெல்லாம் கொடுத்த சிறு அட்டைகளைப் பல வருடமாகச் சேர்த்து வருகிறேன். வீட்டுக்கு வருபவர்களும் எழுதிக் கேட்பவர்களும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பேண்டமைம் என்றால் பேசாமல் சைகையில் நடிப்பதுதானே?

நம் ஊரில் அப்படித்தான் அந்தச் சொல் பழகிவிட்டது. கல்லூரி விழாவில் முகத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டு, இல்லாத சுவரைத் தடவி நடிக்கிறார்களே, அதுதான் நினைவுக்கு வரும். இங்கிலாந்துக்காரரிடம் போய் பேண்டமைம் என்றால் அவர் நினைப்பது வேறு. கிறிஸ்துமஸ் சமயத்தில் குழந்தை குட்டிகளோடு போய்ப் பார்க்கும் நாடகம் அது. சிண்ட்ரெல்லா, அலாவுதீன், டிக் விட்டிங்டன் என்று தெரிந்த கதைதான். அதில் பாட்டு, ஆட்டம், கிண்டல், தந்திரக் காட்சி எல்லாம் கலந்திருக்கும். பேச்சுக்குக் குறைவே இல்லை. பார்க்க வந்தவர்களும் சேர்ந்து கத்துவார்கள்.

ஆனால் தொடக்கத்தில் அது மௌனமாகத்தான் இருந்தது. 1717 வாக்கில் லண்டனில் ஜான் ரிச் என்பவர் இத்தாலிய முகமூடி நாடகத்தின் ஹார்லிக்வின் பாத்திரத்தை வாய் திறக்காமலே ஆடிப் பெயர் வாங்கினார். வசன நாடகம் போடும் உரிமை லண்டனில் விரல்விட்டு எண்ணக்கூடிய அரங்குகளுக்குத்தான் இருந்தது. மற்ற அரங்குகள் பாட்டும் சைகையுமாகச் சமாளித்தன. 1843ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தனியுரிமையை ஒழித்த பிறகு பேண்டமைமில் பேச்சு பெருகியது. அமெரிக்காவிலோ பேசாத கோமாளிதான் இன்னும் நெடுநாள் நாயகன். அட்டைகளைப் பார்க்கும்போது இந்த வித்தியாசம் கண்ணில் படும். அமெரிக்க அட்டையில் வெள்ளை முகக் கோமாளி முன்னால் நிற்பான், ஆங்கிலேய அட்டையில் தேவதைகளும் ராஜகுமாரனும் நிற்பார்கள்.

அட்டையில் வரும் உருவங்களை எப்படி அடையாளம் காண்பது?

நம் பழைய நாடகக் கம்பெனிச் சொற்களே இதற்குப் போதும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன். ஒரே ஒரு தலைகீழ் மாற்றம் உண்டு. பேண்டமைமில் ராஜபார்ட்டைப் பெண் போடுவார், கிழவி வேஷத்தை ஆண் போடுவார்.

குட்டைச் சட்டை, இறுக்கமான காலுறை, தொப்பியில் இறகு, இடுப்பில் கைவைத்து நிற்கும் பெண் என்றால் அவர்தான் ராஜபார்ட். அலாவுதீன், ஜாக், டிக் எல்லாரையும் பெண்களே நடித்தார்கள். வெஸ்டா டில்லி இந்த வேஷங்களில் பெரும்புகழ் பெற்றவர். பெரிய மூக்கு, கோணல் கொண்டை, பாவாடைக்கு அடியில் பூட்ஸ் தெரிகிறதா? அது கிழவி வேஷம். அலாவுதீனின் அம்மா விதவை ட்வாங்கி இந்த வகையில் பிரசித்தம். அந்தப் பெயர் 1861இல் எச். ஜே. பைரன் எழுதிய அலாவுதீன் நாடகத்தில் வந்தது. ட்வாங்கே என்பது அன்று விற்ற ஒரு மலிவான சீனத் தேயிலையின் பெயர். கம்பில் மூட்டை கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, காலடியில் பூனையோடு நிற்பவன் டிக் விட்டிங்டன்.

வைரக் கட்டம் போட்ட உடை, கறுப்பு அரைமுகமூடி, கையில் தட்டையான மட்டை: ஹார்லிக்வின். கூடவே நடனக்காரி உடையில் கொலம்பைன், கூனல் கிழவன் பாண்டலூன், அப்புறம் கோமாளி. கோமாளியின் முகத்தை இன்றைக்கும் நாம் காணும் விதத்தில் ஆக்கியவர் ஜோசப் கிரிமால்டி. வெள்ளை முகத்தில் சிவப்பு முக்கோணக் கன்னம் அவருடையது. 1806 டிசம்பர் 29 அன்று லண்டனின் கோவென்ட் கார்டன் அரங்கில் தொடங்கிய 'மதர் கூஸ்' அவரை உச்சியில் ஏற்றியது. அட்டையில் கோமாளியின் பையிலிருந்து சாசேஜ் மாலை தொங்கினாலோ, கையில் பழுக்கக் காய்ச்சிய இரும்புக்கம்பி இருந்தாலோ, அவையெல்லாம் அவர் மரபில் வந்தவைதான். கோமாளி மேடைக்கு வந்தால் கடைகளில் திருடுவான், போலீஸ்காரனை விரட்டுவான். பார்ப்பவர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள்.

'விளம்பர அட்டை' என்று எதைச் சொல்கிறீர்கள்? போஸ்டர், போஸ்ட்கார்டு எல்லாம் சேர்த்தியா?

கையில் கொடுக்கும் தடித்த காகித அட்டையைச் சொல்கிறேன். பெரும்பாலும் 3 அங்குலத்துக்கு 5 அங்குலத்தை ஒட்டி இருக்கும். ஒரு பக்கம் வண்ணப் படம், மறுபக்கம் அரங்கின் பெயர், நாள், கட்டணம், நடிகர்கள். போஸ்டர் சுவருக்கு, துண்டு நோட்டீஸ் குப்பைக்கு. அட்டையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்கள். குழந்தைகள் ஆல்பத்தில் ஒட்டினார்கள். ஒரு நாடகத்தின் போஸ்டர்கள் மழையில் ஊறிப் போன பிறகும் அதன் அட்டை மிஞ்சியிருக்கக் காரணம் இதுதான்.

வடிவம் வெட்டிய அட்டைகளும் உண்டு. முட்டை வடிவில், விசிறி வடிவில், கோமாளி உருவத்தின் விளிம்பிலேயே வெட்டியவை. மடிப்பு அட்டைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மூடியிருக்கும்போது ஒரு சோகமான முகம், மடிப்பைத் தூக்கினால் அதே உடம்பில் சிரிக்கிற முகம். மேடையில் நடக்கும் மாயத்தை விரலால் செய்து பார்க்க வைத்தார்கள்.

போஸ்ட்கார்டு கொஞ்சம் பிந்தியது. பிரிட்டனில் தனியார் அச்சடித்த பட அட்டைகளைத் தபாலில் அனுப்ப 1894இல்தான் அனுமதி வந்தது. 1900க்குப் பிறகு நாடக விளம்பரத்தில் பெரும்பங்கு போஸ்ட்கார்டுக்குப் போய்விட்டது. அவற்றையும் சேர்ப்பவர்கள் உண்டு, நானும் சிலவற்றை வைத்திருக்கிறேன். ஆனால் இந்தப் பக்கத்தில் பேசுவது பெரும்பாலும் அதற்கு முந்திய அட்டைகளைப் பற்றி.

ஏன் அந்தக் காலத்தில் மட்டும் இவ்வளவு பெருகின?

வரி போனதும் அச்சு மலிந்ததும் முக்கியக் காரணம். பிரிட்டனில் விளம்பர வரி 1853இல் ஒழிந்தது, காகித வரி 1861இல் ஒழிந்தது. அதற்குள் வண்ணக் கல்லச்சு கைக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் 1876 பிலடெல்பியா கண்காட்சியில் கடைக்காரர்களும் கம்பெனிகளும் வண்ண அட்டைகளை வாரி வழங்கினார்கள்; அதன் பிறகு அட்டை சேர்ப்பது வீட்டுக்கு வீடு ஒரு பழக்கமாயிற்று. சோப்பு, நூல், மருந்து விற்பவர்கள் பின்பற்றிய வழியையே நாடகக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். 1890களில் வண்ண விளம்பரத்தோடு மலிவு விலைப் பத்திரிகைகள் வந்தன, அப்புறம் போஸ்ட்கார்டு வந்தது. அட்டையின் காலம் முடிந்தது.

எப்படி அச்சடித்தார்கள்?

கல்லில். பவேரியாவின் சோல்ன்ஹோபன் சுரங்கத்துச் சுண்ணாம்புக்கல்லை வழவழப்பாகத் தேய்த்து, அதன்மேல் எண்ணெய்ப்பசை உள்ள மையால் படத்தை வரைவார்கள். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே விஷயத்தை வைத்து நடக்கும் வேலை. கல்லை நனைத்தால் வரைந்த இடம் தண்ணீரைத் தள்ளும், வெறும் இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். பிறகு மையை உருட்டினால் அது வரைந்த இடத்தில் மட்டும் ஒட்டும். ஜெர்மனியின் அலோய்ஸ் செனபெல்டர் 1790களின் இறுதியில் இதைக் கண்டுபிடித்தார். நிறம் நிறமாக அச்சடிக்கும் முறைக்கு கோட்ப்ருவா எங்கெல்மான் 1837இல் பிரான்சில் காப்புரிமை பெற்றார்.

நிறத்துக்கு ஒரு கல். மலிவான அட்டைக்கு நாலைந்து, நல்ல அட்டைக்குப் பத்து, பன்னிரண்டு கல்கூடப் போகும். முதலில் மஞ்சள் போன்ற வெளிர் நிறங்கள், பிறகு சிவப்பு, நீலம், கடைசியில் கறுப்புக் கோடு என்று அதே தாள் ஒவ்வொரு கல்லாகப் போய்வரும். எல்லாம் இடவலமாக மாற்றி வரைய வேண்டும். கன்னத்தின் இளஞ்சிவப்புக்குப் பல சமயம் தனி மை கிடையாது. கைவேலைக்காரர் பேனா முனையால் ஆயிரக்கணக்கான புள்ளி வைத்துத்தான் அந்த நிறம் கன்றிய மாதிரி தெரியும். ஒரு பெரிய தாளில் பல அட்டைகளைச் சேர்த்து அச்சடித்துப் பிறகு வெட்டுவார்கள்.

மும்பையில் 1894இல் தொடங்கிய ரவிவர்மா அச்சகம் லட்சுமியையும் சரஸ்வதியையும் நம் வீடுகளுக்குக் கொண்டுவந்தது இதே முறையில்தான். பாட்டி வீட்டுப் பூஜையறைப் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த அட்டைகளின் புள்ளிகள் புதிதாக இருக்காது.

ஒரே படம், ஆனால் வேறு வேறு ஊர்ப் பெயர். போலியா?

இல்லை. இது நிறையப் பேருக்கு வரும் சந்தேகம். ஊர் ஊராகப் போகும் கம்பெனி, வண்ணப் படத்தை ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில் பெரிய கல்லச்சகத்தில் அச்சடித்து வைத்துக்கொள்ளும். பின்பக்கத்தையோ, முன்பக்கத்தில் ஒரு பட்டையையோ காலியாக விட்டுவிடுவார்கள். கம்பெனிக்கு முன்னால் ஒரு ஆள் அடுத்த ஊருக்குப் போவார். அங்கே உள்ள சின்ன அச்சகத்தில் அரங்கின் பெயர், கிழமை, தேதி ஆகியவற்றைக் கறுப்பு மையில் ஏற்றிக் கடைகளில் கொடுத்து வைப்பார்.

ஆக ஒரே அட்டையில் இரண்டு அச்சகங்களின் கைவேலை இருக்கிறது. பின்பக்கத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். ஈய எழுத்து காகிதத்தில் அழுந்திய பள்ளம் லேசாகத் தட்டுப்படும். கல்லச்சில் அந்தப் பள்ளம் இருக்காது. முன்பக்கம் யாரிடம் வேண்டுமானாலும் இருக்கலாம். அந்தப் பின்பக்கம் அந்த ஊரில் அந்த வாரத்துக்கு மட்டும் அடித்தது. எந்தக் கம்பெனி எந்த ஊருக்கு எப்போது போனது என்பதற்குச் சில சமயம் அதுதான் கையில் கிடைக்கும் சாட்சி. விற்பவர்கள் முன்பக்கத்தை மட்டும் படமெடுத்துப் போடும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. பின்பக்கத்தையும் அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அட்டையில் ஆண்டே போடவில்லை. எந்த வருடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அடுத்த வாரம் வரும் நாடகத்துக்கு யார் வருடம் போடுவார்கள்? நம் ஊர்த் திருவிழா நோட்டீஸ்களிலும் இதே சிக்கல் உண்டு. ஆனால் கிழமையும் தேதியும் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

உதாரணமாக, ஒரு ஆங்கிலேய அட்டையில் 'டிசம்பர் 26, திங்கட்கிழமை முதல்' என்று இருக்கிறது என்று வையுங்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள்தான் பேண்டமைம் தொடங்கும் வழக்கமான நாள். 1870க்கும் 1900க்கும் இடையில் டிசம்பர் 26 திங்களில் விழுந்தது 1870, 1881, 1887, 1892, 1898 ஆகிய ஐந்து வருடங்களில் மட்டுமே. முப்பத்தொரு வருடம் ஐந்தாகக் குறைந்துவிட்டது. 'டிசம்பர் 27, திங்கட்கிழமை' என்று இருந்தாலும் குழம்ப வேண்டாம். 26ஆம் தேதி ஞாயிறாக வந்தால் அன்று அரங்கு திறக்காது, மறுநாள்தான் தொடங்குவார்கள். 1875, 1880, 1886, 1897 அப்படிப்பட்ட வருடங்கள்.

ஐந்தை ஒன்றாக்க மற்ற தடயங்களைப் பாருங்கள். யார் நிர்வாகி என்று இருக்கிறதா? லண்டனின் ட்ரூரி லேன் அரங்கை அகஸ்டஸ் ஹாரிஸ் நடத்தியது 1879 முதல் 1896இல் இறக்கும் வரை. அவர் பெயர் இருந்தால் மேலே சொன்ன ஐந்தில் 1870உம் 1898உம் அடிபட்டுப் போகும். நடிகர் யார்? டான் லீனோ ட்ரூரி லேன் பேண்டமைமுக்கு முதலில் வந்தது 1888இல், 'பேப்ஸ் இன் த வுட்' நாடகத்தில். கடைசியாக நடித்தது 1903இல் தொடங்கிய 'ஹம்ப்டி டம்ப்டி'. அவரும் அவருடைய மேடைத் துணை ஹெர்பர்ட் கேம்பலும் 1904இல் சில மாத இடைவெளியில் இறந்துபோனார்கள். அவர்கள் இருவர் பெயரும் சேர்ந்து வரும் ட்ரூரி லேன் அட்டை எதுவானாலும் அந்தக் காலத்துக்குள் அடங்கிவிடும்.

தலைப்பும் பேசும். 'ஹார்லிக்வினும் இன்னதும், அல்லது இன்னது' என்று இரண்டு மூன்று வரிக்கு நீளும் தலைப்பு பழைய பாணி. கதையை முடித்துவிட்டு ஹார்லிக்வின், கோமாளி ஆட்டத்துக்கு மாறுவதுதான் முன்பு நாடகத்தின் பெரும்பகுதி. நூற்றாண்டு போகப் போகக் கதைப் பகுதி பெருத்து, கோமாளிப் பகுதி ஓர் ஓரத்துக்கு ஒதுங்கியது. பாட்டும் நகைச்சுவையும் நடக்கும் இசையரங்குகளின் (மியூசிக் ஹால்) நட்சத்திரங்களை ஹாரிஸ் கொண்டுவந்து குவித்தபோது அட்டையிலும் நடிகர் பெயர்கள் பெரிதாயின.

போஸ்ட்கார்டாக இருந்தால் வேலை இன்னும் சுலபம். பின்பக்கம் முழுவதும் முகவரிக்கே என்று இருந்தால் பிரிட்டனில் 1902க்கு முந்தியது. நடுவில் கோடு போட்டு ஒரு பாதி செய்திக்கு, மறுபாதி முகவரிக்கு என்றால் 1902 அல்லது அதற்குப் பின். அமெரிக்காவில் அந்தக் கோடு 1907இல் வந்தது.

ஹம்ப்டி டம்ப்டி பெயரில் இவ்வளவு அமெரிக்க அட்டைகள் ஏன்?

ஜார்ஜ் எல். பாக்ஸ் என்ற நடிகரால். 1868 மார்ச் 10 அன்று நியூயார்க்கின் ஒலிம்பிக் அரங்கில் அவர் தொடங்கிய 'ஹம்ப்டி டம்ப்டி' 483 முறை நடந்தது. அதுவரை அமெரிக்க மேடையில் எந்த நாடகமும் அவ்வளவு ஓடியதில்லை. வெள்ளை முகத்தோடு, ஏறக்குறைய பேசாமலே பாக்ஸ் மக்களைச் சிரிக்கவைத்தார். 1877இல் அவர் இறந்த பிறகும் அந்தப் பெயருக்கு இருந்த மவுசு குறையவில்லை. டோனி டெனியர், நிக் ராபர்ட்ஸ் என்று பலர் தங்கள் தங்கள் ஹம்ப்டி டம்ப்டி கம்பெனிகளோடு ஊர் ஊராகச் சுற்றினார்கள். அதனால் 'ஹம்ப்டி டம்ப்டி' என்று பார்த்தவுடன் பாக்ஸ் காலத்து அட்டை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரும்பாலானவை அவருக்குப் பின்னால் வந்தவை.

இவர்களுக்குப் போட்டி ஹான்லன் சகோதரர்கள். இங்கிலாந்தில் பிறந்த கழைக்கூத்து வித்தகர்கள். 1884இல் 'பான்டாஸ்மா', 1890இல் 'சுபர்பா' என்று பெரிய தந்திரக் காட்சிகளைக் கட்டி அமெரிக்கா முழுவதும் கொண்டுபோனார்கள். உருமாறும் பூதம், உடையும் வீடு, பறக்கும் மனிதன் என்று அவர்களுடைய விளம்பரப் படங்கள் வேறு தினுசு.

படத்தை வரைந்தவர் யார் என்று தெரியுமா?

அநேகமாகப் பெயர் இருக்காது. கல்லச்சகங்களில் மாதச் சம்பளத்துக்கு வரைந்தவர்கள். கையெழுத்துப் போடும் உரிமை இல்லை. அச்சகத்தின் பெயர் மட்டும் கீழ் விளிம்பில் எறும்பு வரிசை போலப் பொடி எழுத்தில் இருக்கும். சின்சினாட்டியின் ஸ்ட்ரோப்ரிட்ஜ், பாஸ்டனின் போர்ப்ஸ், பெல்பாஸ்டின் டேவிட் ஆலன் ஆகியவை நாடக அச்சு வேலையில் பெரிய பெயர்கள். யாராவது ஓரத்தை நேராக்குகிறேன் என்று வெட்டியிருந்தால் முதலில் போவது அந்த வரிதான்.

அசலா, பிற்கால மறுபதிப்பா?

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள், நகைக்கடைக்காரர் கண்ணில் வைப்பாரே, அதுதான். முகத்தைப் பாருங்கள். புள்ளிகள் ஒழுங்கில்லாமல், சில பெரிதும் சில சிறிதுமாக, கையால் வைத்தவை என்று தெரிந்தால் கல்லச்சு. ஒவ்வொரு நிறமும் தனி மையாகத் தட்டையாக இருக்கும். பூப்போல வட்ட வட்டமாக நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் கட்டம் பிசகாமல் இருந்தால் அது பிற்காலத்து ஆப்செட் மறுபதிப்பு. பின்பக்க எழுத்தையும் விடாதீர்கள்: அசலில் ஈய எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும், மறுபதிப்பில் அந்த எழுத்தே புள்ளிகளாக உடைந்திருக்கும்.

கடைகளில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கும் உதவும். பளிச்சென்ற வெண்மைக்காகக் காகிதத்தில் சேர்க்கும் ரசாயனம் 1950 வாக்கில்தான் பரவியது. விளக்கின் கீழ் அட்டை நீலமாக ஒளிர்ந்தால் அது 19ஆம் நூற்றாண்டுக் காகிதம் இல்லை.

காபித் தண்ணீரில் நனைத்துப் பழுப்பாக்கியவையும் சந்தையில் உண்டு. பழைய அட்டை விளிம்பிலிருந்து உள்ளே பழுக்கும். சாயம் போட்டது எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும்.

கறுப்பு பூசிய முகங்களும், சீனர்களைக் கேலி செய்யும் படங்களும் வருகின்றன. அவற்றை என்ன செய்வது?

வருகின்றன, ஏராளமாக. அலாவுதீன் அட்டைகளில் சீனர்களையும், ராபின்சன் குரூசோ அட்டைகளில் கறுப்பினத்தவரையும், நீலத்தாடி கதையில் தலைப்பாகைக்காரர்களையும் வரைந்திருக்கும் விதம் வெறுப்பூட்டும். பேரரசு ஆண்ட காலத்தில், ஆளப்பட்டவர்களை மேடையிலும் அட்டையிலும் சிரிப்புப் பொருளாக்கினார்கள். நம்மையும் அந்தக் கண்ணால்தான் பார்த்தார்கள் என்பது நினைவில் இருந்தால் அவற்றைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்க வராது.

நான் அவற்றைக் கிழிப்பதில்லை, ஒளிப்பதுமில்லை. தனி உறையில், என்ன நாடகம், என்ன ஆண்டு, யாரை எப்படிக் காட்டியிருக்கிறது என்று குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் அழகுக்காகச் சுவரில் மாட்டமாட்டேன். குழந்தைகளிடம் காட்டும்போது பக்கத்தில் இருந்து விளக்கம் சொல்லித்தான் காட்டுவேன்.

ஆல்பத்தில் ஒட்டியபடியே கிடைத்தது. பிரித்தெடுக்கலாமா?

பிரிக்காதீர்கள். பின்பக்கம் தெரியவில்லையே என்ற தவிப்பு புரிகிறது, எனக்கும் அது உண்டு. ஆனால் இழுத்தால் அட்டை இரண்டாக உரியும், நீங்கள் தேடும் பின்பக்க எழுத்து ஆல்பத் தாளோடு போய்விடும். தண்ணீரில் ஊறவைத்தால் பசை விடும் என்பார்கள். கல்லச்சு மை தாங்கினாலும் கையால் எழுதிய மை, ரப்பர் முத்திரை, பளபளப்புப் பூச்சு எல்லாம் கரைந்து ஓடக்கூடும். காகிதம் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதுவரை ஆல்பமாகவே இருக்கட்டும். யாரோ ஒரு சிறுமி எதற்குப் பக்கத்தில் எதை ஒட்டினாள் என்பதும் சேர்த்து வைக்க வேண்டிய சங்கதிதான்.

நம் ஊர் வெக்கையிலும் புழுக்கத்திலும் எப்படிப் பாதுகாப்பது?

முதலில், லேமினேட் செய்யாதீர்கள். தொடக்கக் காலத்தில் ஒரு அலாவுதீன் அட்டையைப் பிரதி எடுக்க ஒரு கடையில் கொடுத்தேன். 'பத்திரமா இருக்கட்டும்னு போட்டுட்டேன் சார்' என்று லேமினேட் செய்தே திருப்பிக் கொடுத்தார்கள். இன்னும் அது அப்படியே இருக்கிறது, மடிந்த ஓரத்தில் காற்றுக் குமிழியோடு. சூடும் பசையும் காகிதத்துக்குள் இறங்கிவிட்டன, இனி பிரிக்க வழியில்லை.

பாலியெஸ்டர் உறை நல்லது. பிவிசி உறை மெல்லப் பிசுபிசுத்து மையைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும், வேண்டாம். அமிலமில்லாத அட்டை ஒன்றைப் பின்னால் வைத்து, உறையோடு பெட்டிக்குள் நிமிர்த்தி வையுங்கள். செல்லோடேப், ஸ்டேப்ளர், ரப்பர் பேண்ட் எதுவும் கிட்டே வரக் கூடாது. சமையலறைச் சுவர், வெளிச்சுவர், மாடித் தளத்தை ஒட்டிய பரண் ஆகியவற்றை விட்டு, வீட்டின் உள்பக்க அலமாரியில் வைப்பது மேல். சென்னை போன்ற ஊரில் ஈரப்பதம்தான் எதிரி. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் மாதம் ஒருமுறை பார்த்து மாற்றுங்கள். போட்டு மறந்துவிட்டால் போடாத மாதிரிதான். இராமபாணப் பூச்சிக்கு மாவுப்பசை என்றால் உயிர், அதனால் பழைய ஆல்பங்களை மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். அந்துருண்டையைக் காகிதத்தின்மேல் நேராக வைக்காதீர்கள்.

வெயில் படும் சுவரில் மாட்டினால் முதலில் சிவப்பு போகும். கோமாளியின் கன்னம் வெளுத்தால் திரும்ப வராது.

விலை எவ்வளவு இருக்கும்?

இதற்கு ஒரே விலை சொல்ல முடியாது. எந்த நாடகம், எந்த ஊர் என்ற விவரம் பின்பக்கத்தில் இருக்கும் அட்டை, பின்பக்கம் வெறுமையாக உள்ள அதே அட்டையைவிட அதிகம் போகும். மடிப்பு அட்டை முழுதாக இருந்தால் இன்னும் அதிகம். மூலை மடங்கியது, ஆல்பத் தாள் ஒட்டியது எல்லாம் விலையைக் குறைக்கும். பல விற்பனைகளின் முடிந்த விலையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கேட்கும் விலையை நம்ப வேண்டாம்.

வாங்காமல் பார்க்க மட்டும் வழி உண்டா?

உண்டு, அதுவும் வீட்டில் இருந்தபடியே. ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் ஜான் ஜான்சன் சேகரிப்பு இருக்கிறது. ஜான்சன் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் தலைவராக இருந்தவர். மற்றவர்கள் தூக்கிப்போடும் டிக்கெட், நோட்டீஸ், அட்டை என்று பத்து லட்சத்துக்கும் மேல் சேர்த்தார். பிரிட்டிஷ் நூலகத்தில் எவானியன் சேகரிப்பு. எவானியன் ஒரு மேஜிக் நிபுணர். 1895இல் சுமார் 5,000 காகிதங்களை அன்றைய பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு விற்றார். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும், அமெரிக்காவில் ஹார்வர்டின் நாடகச் சேகரிப்பிலும் தேடலாம். அருங்காட்சியகங்கள் போட்டிருக்கும் படத்தை அச்சில் பயன்படுத்துவதாக இருந்தால் ஒவ்வொன்றின் நிபந்தனையையும் படித்துவிடுங்கள். அட்டைக்குப் பதிப்புரிமை தீர்ந்திருந்தாலும் படக் கோப்புக்குத் தனி விதி வைத்திருப்பார்கள்.

உங்களிடம் இருப்பதில் எது உங்களுக்கு மிகவும் பிடித்தது?

விலை குறைவானது. அமெரிக்க ஹம்ப்டி டம்ப்டி அட்டை, ஐந்து கல்லில் அடித்தது. கோமாளி கக்கத்தில் ஒரு வாத்தை இடுக்கிக்கொண்டு ஓடுகிறான். அவன் முகத்தின் வெள்ளைக்கு மையே இல்லை, காகிதத்தையே விட்டுவிட்டார்கள். சிவப்புக் கல் ஒரு மயிரிழை நகர்ந்துவிட்டதால் உதட்டின் சிவப்பு கோட்டைத் தாண்டித் தாடையில் வழிகிறது. பின்பக்கத்தில் சின்ன ஊர் ஒன்றின் அரங்கு, ஒரே ஒரு இரவு, கட்டணம் 15, 25, 35 சென்ட். அதற்குக் கீழே பென்சிலில் யாரோ கூட்டல் போட்டிருக்கிறார்கள். 35, 35, 15, 15, 15, மொத்தம் 115. அதை அடித்துவிட்டு, கீழே மறுபடி: 25, 25, 15, 15, 15. மொத்தம் 95. இரண்டாவது கூட்டலைச் சுற்றி ஒரு வட்டம்.